மண்ணுக்கு, ஆற்றுக்கு, ஆகாயத்துக்கு: மலேசியக் கழிவுநீரின் வரலாறும் பருவநிலைத் திட்டமும்

கோலாலம்பூரின் வரலாற்றைப் படிக்கும் மாணவர்களுக்கு ஈயம் தெரியும், யாப் ஆ லோய் தெரியும், 1881-இல் வந்த தீயும் வெள்ளமும் தெரியும். ஆனால் அந்த நகரத்தை நிர்வாகம் செய்ய அமைக்கப்பட்ட முதல் மன்றத்தின் பெயர் என்னன்னு கேட்டால் பலர் யோசிப்பார்கள். அதன் பெயர் 'சுகாதார வாரியம்'. 1890 மே மாதத்தில் அது தொடங்கியது. 1948-இல் நகராண்மைக் கழகமாகவும், 1972-இல் மாநகராகவும் கோலாலம்பூர் உயர்ந்தது. ஆக, நம் தலைநகரத்தின் நிர்வாகமே குப்பை, சாக்கடை, மலக்கழிவு ஆகியவற்றை என்ன செய்வது என்ற கேள்வியிலிருந்துதான் பிறந்தது.

130 ஆண்டுகளுக்குப் பிறகு அதே கேள்வி வேறு மேசைக்கு வந்திருக்கிறது. இப்போது அது பருவநிலை மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் தேசியத் திட்டத்தின் கேள்வி. கழிவறைக்கும் பருவநிலைக்கும் என்ன சம்பந்தம்னு நீங்கள் கேட்கலாம். அந்தச் சம்பந்தம் நேற்று முளைத்தது இல்லை. ஒவ்வொரு காலத்திலும் நாம் கழிவை ஓர் இடத்திலிருந்து அகற்றினோம். அது இன்னோர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இந்தக் கட்டுரை அந்தப் பயணத்தைப் படிப்படியாகப் பார்க்கிறது.

வாளிக் காலம்

மலாயாவின் பழைய கடைவீடுகளுக்குப் பின்னால் ஒரு குறுகிய சந்து இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றோட்டத்துக்கும் தீப் பாதுகாப்புக்கும் அது உதவியது. ஆனால் அதற்கு இன்னொரு முக்கியமான வேலையும் இருந்தது. வீட்டின் பின்புறக் கழிவறையிலிருந்த மல வாளியை எடுத்துச் செல்லும் வழியும் அதுதான். தொழிலாளர்கள் நிறைந்த வாளியை எடுத்துக்கொண்டு வெறும் வாளியை வைத்துவிட்டுப் போவார்கள். எடுத்துச் சென்ற மலம் மண்ணில் புதைக்கப்பட்டது, அல்லது காய்கறித் தோட்டங்களுக்கு எருவானது.

இந்த வேலையைச் செய்தவர்களைப் பாடநூல்கள் அதிகம் பேசுவதில்லை. மல வாளி சுமப்பதில் பல நகரங்களில் சீனத் தொழிலாளர்கள் இருந்தார்கள். தெரு கூட்டுதல், சாக்கடை சுத்தம், சாலை வேலை போன்ற நகராண்மைப் பணிகளில் தென்னிந்தியத் தொழிலாளர்கள், குறிப்பாகத் தமிழர்கள், பெருமளவில் இருந்தார்கள். நகரம் நோயில்லாமல் இருந்ததில் இவர்களின் உழைப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

அன்றைய நோக்கம் ஒன்றே ஒன்று: காலரா, வயிற்றுக்கடுப்பு, குடற்காய்ச்சல் ஆகியவை பரவக்கூடாது. கழிவு மனிதனின் கையையும் குடிநீரையும் தொடாத இடத்துக்குப் போனால் போதும் என்று நினைத்தார்கள். அந்த நோக்கம் சரியானதுதான்.

தோட்டப்புறமும் கிராமமும்

நகரத்தில் வாளி என்றால், ரப்பர் தோட்டத்தில் நிலைமை வேறு. லயன் வீடுகளில் நெருக்கியடித்து வாழ்ந்த தொழிலாளர்களிடையே கொக்கிப்புழு, வயிற்றுப்போக்கு, மலேரியா ஆகியவை சாதாரணமாக இருந்தன. கொக்கிப்புழு மலம் கலந்த மண்ணிலிருந்து வெறுங்காலின் வழியாக உடம்பில் ஏறும். பால் மரம் வெட்டப் போனவர்களில் பலருக்குக் காலில் செருப்பு இல்லை. 1912, 1923 ஆகிய ஆண்டுகளின் தொழிலாளர் சட்டங்கள் குடியிருப்பு, தண்ணீர், மருத்துவம் ஆகியவற்றில் தோட்ட முதலாளிகள்மீது கடமைகளைச் சுமத்தின. சட்டம் வந்த வேகத்தில் கழிவறை எல்லா லயத்துக்கும் வந்துவிடவில்லை.

சுதந்திரத்துக்குப் பின், 1970களில், கிராமப்புறச் சுற்றுச்சூழல் சுகாதாரத் திட்டத்தின் மூலம் தண்ணீர் ஊற்றிச் சுத்தம் செய்யும் எளிய கழிவறை கம்பங்களுக்குப் பரவியது. நகரங்களில் புதிய தாமான்கள் எழுந்தபோது வீட்டுக்கு ஒரு செப்டிக் டேங்க் வந்தது, அல்லது பல வீடுகளுக்குச் சேர்த்துக் கழிவுநீர்க் குளம் வெட்டப்பட்டது. வாளி மறைந்தது. இது பெரிய சமூக முன்னேற்றம். அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் மூடிய தொட்டிக்குள் என்ன நடக்கிறது? காற்று இல்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கும். அப்படிச் சிதைக்கும்போது மீத்தேன் வாயு உருவாகும். கழிவு மண்ணுக்குள் போனதாக நாம் நினைத்தோம். அதில் ஒரு பகுதி காற்றோட்டக் குழாய் வழியாக ஆகாயத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஆற்றைக் காத்த சட்டம்

இந்தக் கதையின் மிக முக்கியமான திருப்பம் செம்பனை ஆலையில் நடந்தது. 1960களிலும் 70களிலும் ரப்பரின் இடத்தைச் செம்பனை பிடிக்கத் தொடங்கியது. ஆலையிலிருந்து வெளிவரும் பழுப்புநிறக் கழிவுநீர் ஆறுகளில் கலந்து மீன்களைக் கொன்றது. நீரில் உள்ள கரிமக் கழிவைச் சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படும் என்பதே மாசின் அளவுகோல். ஆலைக் கழிவுநீரில் அந்த அளவு லிட்டருக்கு ஏறக்குறைய 25,000 மில்லிகிராம்.

1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1977-இல் செம்பனை ஆலைகளுக்கெனத் தனி விதிமுறைகள் வந்தன. ஆற்றில் விடும் நீரின் அளவு 1978-இல் 5,000 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. படிப்படியாகக் குறைத்து 1984-இல் 100 மில்லிகிராமுக்குக் கொண்டுவர வேண்டும். வளரும் நாடு ஒன்று தன் முக்கிய ஏற்றுமதித் தொழிலுக்கே இவ்வளவு கடுமையான அளவை விதித்தது சாதாரண விஷயம் இல்லை. தேர்வில் சுற்றுச்சூழல் கொள்கை பற்றி எழுதும்போது இதைத் தயங்காமல் எடுத்துக்காட்டலாம்.

ஆலைகள் எப்படி இணங்கின? மலிவான வழி ஒன்று இருந்தது: வரிசையாக ஆழமான குளங்களை வெட்டி, கழிவுநீரைப் பல வாரங்கள் தேக்கிவைப்பது. நுண்ணுயிர்கள் வேலையைச் செய்தன. ஆறு தப்பித்தது. ஆனால் அந்த ஆழ்குளங்களில் ஆக்சிஜன் இல்லை. லிட்டருக்கு 25,000 என்றிருந்த மாசில் பெரும்பகுதி மீத்தேனாக மாறி மேலே போனது. சட்டத்தை மீறி யாரும் இதைச் செய்யவில்லை. சட்டத்துக்குக் கீழ்ப்படிந்தே செய்தார்கள். அன்று அந்த வாயுவைக் கணக்கில் எடுக்க எந்த ஏடும் இல்லை.

1994: இரண்டு கோப்புகள்

அதற்கான ஏடு 1994-இல் திறந்தது. ஐக்கிய நாடுகளின் பருவநிலை மாற்ற உடன்படிக்கையை மலேசியா அந்த ஆண்டு ஜூலையில் ஏற்றுக்கொண்டது. அதே 1994-இல், 1993-ஆம் ஆண்டுக் கழிவுநீர்ச் சேவைச் சட்டத்தின் அடிப்படையில், இண்டா வாட்டர் நிறுவனம் பணியைத் தொடங்கியது. அதுவரை ஊராட்சி மன்றங்களிடம் சிதறிக்கிடந்த கழிவுநீர்ச் சேவை, தீபகற்பத்தின் பெரும்பகுதியில் ஒரே நிறுவனத்தின் கைக்கு மாறியது.

2000-ஆம் ஆண்டிலும் இப்படியொரு ஒற்றுமை. அந்த ஆண்டு இண்டா வாட்டரை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு, 1994-இன் வாயு வெளியேற்றத்தைக் கணக்கிட்ட முதல் தேசிய அறிக்கையை மலேசியா ஐ.நா.விடம் அளித்தது. ஆண்டு ஒன்று, நாடு ஒன்று, கழிவும் ஒன்று. ஆனால் கோப்புகள் இரண்டு. ஒன்றில் குழாய், தொட்டி, கட்டணம். மற்றொன்றில் மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு, டன். இந்த இரண்டு கோப்புகளையும் ஒரே மேசையில் வைப்பதுதான் 'கழிவுநீரைப் பருவநிலைத் திட்டத்தில் இணைப்பது' என்பதன் பொருள்.

செம்பனைத் துறையில் இணைப்பு ஓரளவு நடந்தது. கியோட்டோ நெறிமுறையின் கார்பன் வரவுத் திட்டத்தைப் பயன்படுத்திச் சில ஆலைகள் குளங்களை மூடி, மீத்தேனைப் பிடித்து எரிபொருளாக்கின. 2014 முதல் புதிய ஆலைகளும், உற்பத்தித் திறனை உயர்த்த விண்ணப்பிக்கும் பழைய ஆலைகளும் மீத்தேனைப் பிடிக்கும் அல்லது தவிர்க்கும் வசதியை அமைக்க வேண்டும் என்பது நிபந்தனையானது. வீட்டுக் கழிவுநீரில் பாதை மெதுவாகவே போகிறது. கோலாலம்பூரின் பந்தாய் 2 நிலையம் நல்ல எடுத்துக்காட்டு: பழைய குளங்கள் இருந்த இடத்தில் நிலத்தடியில் சுத்திகரிப்பு நிலையம், அதன் மேலே மக்களுக்குப் பூங்கா.

ஆனால் எல்லா வீடும் அப்படிப்பட்ட நிலையத்தோடு இணைக்கப்படவில்லை. செப்டிக் டேங்கின் அடியில் சேரும் கசடை லோரி வந்து உறிஞ்சி எடுக்க வேண்டும். முதலில் இது குறித்த கால அட்டவணைப்படி நடந்தது. 2006-ஆம் ஆண்டு நீர்ச்சேவைத் தொழில் சட்டம் நடப்புக்கு வந்த பிறகு, வீட்டுக்காரர் கேட்டால் மட்டும் வருவது என்றானது. யார் கேட்பார்கள்? தொட்டி நிரம்பி நாற்றம் வரும்வரை யாருக்கும் ஞாபகம் வராது. 2021 முதல் தீபகற்பத்தில் கால அட்டவணை முறை மீண்டும் கட்டாயமானது.

வகுப்பறைக்கு ஒரு கணக்கு

பருவநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையிலான குழுவின் 2006 வழிகாட்டி, கழிவுநீரின் மீத்தேனைக் கணக்கிட எளிய முறை தருகிறது. ஆசியாவில் ஒருவரின் கரிமக் கழிவு நாளொன்றுக்கு 40 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 14.6 கிலோ. ஒரு கிலோவிலிருந்து அதிகபட்சம் 0.6 கிலோ மீத்தேன் வரும். செப்டிக் டேங்கில் இதில் பாதி உருவாகும், அதாவது குணகம் 0.5. ஆக, 14.6 × 0.6 × 0.5 = 4.38 கிலோ மீத்தேன். மீத்தேன் கரியமில வாயுவைவிட 28 மடங்கு வெப்பத்தைத் தரும் என்று எடுத்துக்கொண்டால், ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 123 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். 30 மாணவர்கள் உள்ள வகுப்புக்குச் சுமார் 3.7 டன்.

இனி கவனமாகப் பாருங்கள். அதே வழிகாட்டியில், நன்றாக நடத்தப்படும், காற்றூட்டும் நிலையத்துக்குக் குணகம் பூஜ்ஜியம். ஆழ்குளத்துக்கு 0.8. கழிவை அப்படியே ஆற்றில் விட்டால் 0.1. அப்படின்னா, வாயுக் கணக்கை மட்டும் பார்த்தால், செப்டிக் டேங்கைவிட ஆற்றில் கொட்டுவதே மேல் என்று ஆகிவிடும்! காற்றூட்டும் நிலையமும் முழு விடை இல்லை. அதன் இயந்திரங்களுக்கு மின்சாரம் நிறையத் தேவை, அந்த மின்சாரம் நிலக்கரியில் வந்தால் வாயு வேறு வழியில் வெளியேறும். நைட்ரஸ் ஆக்சைடும் ஓரளவு வரும்.

இதனால்தான் பருவநிலைத் திட்டம் தனியாகவும் சுகாதாரத் திட்டம் தனியாகவும் போடக்கூடாது. தனியாகப் போட்டால் ஒன்று மற்றொன்றைக் கெடுக்கும். 1977 விதிமுறை ஆற்றை மட்டும் பார்த்தது. ஆகாயம் விலை கொடுத்தது. நாளை ஆகாயத்தை மட்டும் பார்த்தால் விலை கொடுப்பது மறுபடி ஆறும், ஆற்றங்கரையில் வாழும் மக்களும்தான்.

தெப்ராவ் நீரிணைக்கு அப்பால்

ஒப்பீட்டுக்கு அண்டை நாடான சிங்கப்பூரைப் பார்க்கலாம். அங்கே மல வாளி முறை 1987-இல் முற்றாக முடிந்தது. சிங்கப்பூர் ஆற்றைச் சுத்தம் செய்யும் பத்தாண்டுத் திட்டமும் அதே ஆண்டு நிறைவடைந்தது. பின்னர் பயன்படுத்திய நீரை ஆழ்சுரங்கத்தில் கொண்டுபோய்ச் சுத்திகரித்து 'நியூவாட்டர்' ஆக்கினார்கள். இப்போது துவாசில் கழிவுநீர் நிலையத்தையும் குப்பை நிலையத்தையும் அடுத்தடுத்து அமைக்கிறார்கள். உணவுக் கழிவும் கழிவுநீர்க் கசடும் ஒரே தொட்டியில் செரித்து வாயு தரும், அது மின்சாரமாகும். ஆண்டுக்கு 200,000 டன்னுக்கு மேல் கரியமில வாயு மிச்சமாகும் என்பது அதிகாரபூர்வ மதிப்பீடு.

அவர்களின் பணமும் சிறிய நிலப்பரப்பும் நமக்கு இல்லை. ஆனால் ஒரு பாடம் உண்டு: நீர், குப்பை, மின்சாரம் மூன்றையும் ஒரே வரைபடத்தில் வைத்து யோசித்தார்கள்.

திட்டத்தில் இடம் வேண்டும்

2030-க்குள் பொருளாதாரத்தின் கார்பன் செறிவை 2005-ஐ ஒப்பிட 45% குறைப்பதாக மலேசியா 2021-இல் உறுதியளித்தது. கழிவுத் துறையும் அதில் அடக்கம். அதே ஆண்டு உலக மீத்தேன் உறுதிமொழியிலும் சேர்ந்தது. ஆக, பெயரளவில் கழிவுநீருக்குத் திட்டத்தில் இடம் இருக்கிறது. பொறுப்புதான் பிரிந்து கிடக்கிறது. 2020-இல் சுற்றுச்சூழலும் நீரும் ஒரே அமைச்சில் இருந்தன. 2023 டிசம்பரில் நீர் ஓர் அமைச்சுக்கும் பருவநிலை இன்னோர் அமைச்சுக்கும் போயின.

கணக்கில் வராத வேலைக்கு நிதி வராது என்பது நிர்வாக வரலாறு திரும்பத் திரும்பக் காட்டும் உண்மை. கசடு உறிஞ்சும் லோரி பருவநிலைப் பணியாகக் கருதப்படாத வரை, அதற்குப் பருவநிலை நிதியும் கிடைக்காது. தோட்டத்தை விட்டு வெளியேறி மலிவுவிலை வீடுகளில் குடியேறிய குடும்பங்களின் பழைய தொட்டிகளும் அப்படியே கிடக்கும். மின்சாரக் கார் செய்தியாகிறது; செப்டிக் டேங்க் ஆவதில்லை. ஆனால் இரண்டும் ஒரே தேசிய இலக்கின் கீழ் வருபவை.

மாணவர்களுக்கான சிந்தனை வினாக்கள்

1. கோலாலம்பூரின் முதல் நகர நிர்வாகம் 'சுகாதார வாரியம்' என்று தொடங்கியதற்கான சமூகக் காரணங்கள் யாவை?
2. 1977-ஆம் ஆண்டுச் செம்பனை ஆலை விதிமுறைகளின் வெற்றியையும் எதிர்பாராத விளைவையும் விளக்குக.
3. மேலே உள்ள கணக்கைப் பயன்படுத்தி, உங்கள் குடும்பத்தின் ஆண்டு அளவைக் கண்டுபிடிக்கவும். உங்கள் வீடு செப்டிக் டேங்கைச் சேர்ந்ததா, பொதுக் குழாயைச் சேர்ந்ததா என்பதைப் பெற்றோரிடம் கேட்டுக் குறிப்பிடவும்.
4. 'வாயுக் கணக்கு மட்டும் போதாது.' ஆறு, சுகாதாரம், பருவநிலை ஆகிய மூன்றையும் சேர்த்து உங்கள் கருத்தை எழுதுக.