திறக்க மறுக்கும் ஸிப் கோப்பும் ஒரு பழைய வழக்கும்

"கோப்பு பழுதாகிவிட்டது, திறக்க ஏலாது" எண்டு கணினி சொன்னால் எங்களில் கனபேர் உடனேயே அதை அழிச்சுவிடுகிறோம். அப்படி அழிபடுவது ஒருவரின்ர ஆய்வேடாக இருக்கலாம், இப்போது அச்சில் இல்லாத ஒரு சஞ்சிகையின் ஸ்கேன் பிரதியாகவும் இருக்கலாம். ஆனால் அந்தக் கோப்புக்குள் பெரும்பகுதி பத்திரமாகவே கிடக்கக்கூடும். ஏனெண்டு விளங்க 1980களின் அமெரிக்காவுக்குப் போகவேண்டும்.

அப்போது கோப்புகள் தொலைபேசி வழியாக, மோடத்தில்தான் போய்வந்தன. வேகம் மிகக் குறைவு. அதனால் பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டும் ஆர்க் என்ற மென்பொருள் 1985இல் வந்ததும் வேகமாகப் பரவியது. அதை வெளியிட்டது எஸ்ஈஏ என்ற சிறிய நிறுவனம். மில்வோக்கி நகரத்து இளைஞர் பில் காட்ஸ், அதே வடிவத்தை இன்னும் வேகமாகக் கையாளும் பீகேஆர்க்கை எழுதினார். தங்களின் மூலநிரலைப் பிரதிபண்ணினார் என்று எஸ்ஈஏ 1988இல் வழக்குப் போட்டது. காட்ஸ் பணம் கொடுத்துச் சமரசமானார்; ஆர்க் வடிவத்தைக் கைவிடவும் சம்மதித்தார்.

1989இல் அவர் புதிய வடிவத்தோடு வந்தார். அதுதான் ஸிப். அதன் அமைப்பை யாரும் பாவிக்கலாம் எண்டு பகிரங்கமாகவே வெளியிட்டார். 2000 ஏப்ரலில், 37 வயதில், குடிப்பழக்கத்தால் உடல் கெட்டு அவர் இறந்துபோனார். ஆனால் வடிவம் நிண்டுபிடித்தது. இன்றைய வேர்ட் ஆவணமும் அண்ட்ரொயிட் செயலியும் உள்ளுக்குள் ஸிப்தான். சாதாரண ஸிப் கோப்பு ஒன்றின் முதல் இரண்டு எழுத்துகள் இப்பவும் 'பீ', 'கே': அவருடைய முதலெழுத்துகள்.

இனி பழுதுக்கு வருவம். ஸிப்பின் பொருளடக்கம் முன்னுக்கு இல்லை, கடைசியில் இருக்கு. புதிய கோப்பைச் சேர்க்கும்போது முழுவதையும் திருப்பி எழுதத் தேவையில்லை என்பது இதன் வசதி. பல நெகிழ்வட்டுகளில் பிரித்து வைத்த ஸிப்பைத் திறக்க, கடைசி வட்டை முதலில் போடச் சொல்லிக் கேட்டதும் இதனால்தான். தரவிறக்கம் 95 வீதத்தில் அறுந்தால் தொலைவது அந்தப் பொருளடக்கம். மென்பொருள் அதைத் தேடிக் காணாமல் "இது ஸிப்பே இல்லை" எண்டு கைவிரிக்கும்.

ஆனால் உள்ளே ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் அதன் பெயரும் விவரமும் தனியாக எழுதப்பட்டிருக்கும். அவற்றைப் பொறுக்கிப் பொருளடக்கத்தைத் திரும்பக் கட்டலாம். காட்ஸின் பொதியிலேயே அதுக்கெண்டு பீகேஸிப்ஃபிக்ஸ் என்ற கருவி இருந்தது. இன்றைய திருத்தும் கருவிகளும் இதைத்தான் செய்கின்றன.

ஆகவே அழிக்க முதல் மூன்று விடயம் பாருங்கள். கோப்பின் அளவு மூலத்தின் அளவோடு ஒத்துப்போகுதா? இல்லையெண்டால் திரும்ப இறக்குங்கள். எழுத்துத் தொகுப்பியில் திறந்தால் முதலில் 'பீகே' தெரியுதா? எச்டிஎம்எல் தெரிந்தால் உங்களிடம் வந்தது ஒரு இணையப் பக்கம், ஸிப் அல்ல. சிஆர்சி பிழை எண்டு வந்தால் அந்த ஒரு கோப்பில்தான் பழுது, மற்றவற்றை எடுத்துவிடலாம்.

நாங்கள் ஸிப் கட்டும்போதும் ஒரு தடவை சோதித்துப் பார்த்த பிறகே மூலத்தை அழிப்பம்.