முடிந்து வைத்த ஒரு ரூபாய்

எடை 3.79 கிராம். விட்டம் 22 மில்லிமீட்டருக்கு ஒரு மயிரிழை குறைவு. துருப்பிடிக்காத எஃகு. ஒருபுறம் சிங்கத் தலைகள், மறுபுறம் ரூபாய்க் குறியும் ஒன்று என்ற எண்ணும். ஆண்டு 2014. அதன் கீழே பொடியாக ஒரு நட்சத்திரம். நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத் நாணயச் சாலையில் அடித்தது என்று அர்த்தம்.

ஐதராபாத்தில் பிறந்தாலும் இந்தக் காசுக்கு எங்கள் பக்கத்து உறவு ஒன்று உண்டு. அந்த ரூபாய்க் குறியை வரைந்த உதயகுமார் கள்ளக்குறிச்சிக்காரர். மத்திய அரசு அதை ஏற்றுக்கொண்ட 2010இல் கள்ளக்குறிச்சி எங்கள் விழுப்புரம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது.

பத்து வருடம் இந்தக் காசு எங்கெங்கே சுற்றியதோ, யாருக்கும் தெரியாது. திண்டிவனம் பேருந்து நிலையத்தில் பூக்காரியிடம் மீதிச் சில்லறையாக வாங்கி வந்ததாக அத்தை சொன்னார். சுருக்குப் பையில் வெற்றிலையோடு கிடந்தது. 2024 நவம்பர் 30 சனிக்கிழமை இரவு அதற்கு வேறு வேலை வந்தது.

அன்று கார்த்திகை அமாவாசை. மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு அமாவாசைதோறும் நள்ளிரவில் ஊஞ்சல் உற்சவம் நடக்கும். செஞ்சி வழியாகப் போகும் சிறப்புப் பேருந்துகளில் நிற்க இடம் இருக்காது. அத்தைக்கு அவள் குலதெய்வம். ஆனால் அந்த அமாவாசையில் வாசலைத் தாண்ட முடியவில்லை. புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்துகொண்டிருந்தது.

கரையைக் கடந்த புயல் நகரவில்லை. அங்கேயே நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை. விக்கிரவாண்டிப் பக்கம் சங்கராபரணிக் கரையோரம் அத்தை வீடு. மின்சாரம் மாலையிலேயே போய்விட்டது. கூரை ஓட்டில் மழை விழும் சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. மேலே வீடூர் அணை நிரம்பினால் தண்ணீரைத் திறந்துதான் ஆகவேண்டும். திறந்தால் அது எங்கள் பக்கம்தான் வரும்.

நான் செல்போன் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அத்தை மாமாவின் பழைய வேட்டி ஓரத்தை ஒரு சாண் கிழித்தார். சொம்புத் தண்ணீரில் மஞ்சள் தூளைக் கரைத்து அதில் துணியை நனைத்துப் பிழிந்தார். சுருக்குப் பையைத் துழாவி இந்தக் காசை எடுத்து, நெற்றிக்கு நேரே ஒரு கணம் வைத்துக்கொண்டார். உதடு அசைந்தது. பிறகு துணியின் நடுவில் காசை வைத்து இறுக்கி முடிந்தார். சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் அது தொங்கியது.

“முடிஞ்சு வச்சாச்சு. இனிமே அவ பாத்துக்குவா.”

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். நடந்தது வேறு. நேரே கொட்டகைக்குப் போய் மாடுகளைக் கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்துவிட்டார். கட்டிக் கிடக்கும் மாடு வெள்ளத்துக்குத் தப்பாது. அரிசி மூட்டையைப் பரண்மேல் ஏற்றச் சொன்னார். ரேஷன் அட்டை, ஆதார், பட்டா எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். அதுவரை ஒரு மணி நேரமாக வாசலுக்கும் அடுப்படிக்கும் கைகால் நடுங்க நடந்துகொண்டிருந்தவர்தான். ஒரு முடிச்சைப் போட்ட பிறகே மற்ற முடிச்சுகளை அவிழ்க்க அவருக்குக் கை வந்தது.

தமிழில் முடிதல் என்றால் கட்டுதல். முடிதல் என்றால் தீர்தலும்தான். தலைமுடியை முடிகிறோம், பணத்தை முந்தானையில் முடிகிறோம், காரியத்தை முடிக்கிறோம். காணிக்கை முடிந்து வைப்பதில் இந்த இரண்டு பொருளும் ஒன்றாக இருக்கின்றன. பயத்தைத் துணியில் கட்டியாயிற்று. அதோடு பயப்படும் வேலை முடிந்தது. இது லஞ்சம் என்று கேலி செய்பவர்கள் உண்டு. ஒரு ரூபாய்க்கு எந்த அம்மன் வேலை செய்வாள்? இந்த வழக்கம் அம்மனோடு நிற்பதும் இல்லை; எதிர்வீட்டு அம்மாவும் அதே இரவில் வேளாங்கண்ணிக்கு ஒரு காசு எடுத்து வைத்ததாகப் பிற்பாடு சொன்னார்.

விடியும் முன்னே தண்ணீர் தெருவுக்குள் வந்தது. இரண்டு இரவு பள்ளிக்கூடத்தில் படுத்தோம். டிசம்பர் 2ஆம் தேதி விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தைத் தொட்டுக்கொண்டு வெள்ளம் ஓட, ரயில்களை நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கு அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி தென்பெண்ணையில் பாய்ந்தது. விழுப்புரத்துக்குத் தெற்கே நெடுஞ்சாலையும் அறுந்தது.

திரும்பி வந்தபோது கொட்டகை மண்சுவர் கரைந்து கிடந்தது. சம்பா நெல் சேற்றுக்குள் போயிருந்தது. இரண்டு மாடும் மூன்றாம் நாள் தாமாக வந்தன; கன்றுக்குட்டி வரவில்லை. சுவரில் இடுப்பளவுக்குச் சேற்றுக் கோடு. அதற்கு மேலே ஆணியில் மஞ்சள் முடிச்சு ஈரம் காயாமல் தொங்கியது.

அரசு அறிவித்த நிவாரணம் 2,000 ரூபாய் ரேஷன் அட்டைக்கு வந்தது. வந்த வாரமே தீர்ந்தது. ஒருநாள் கடையில் ஒரு ரூபாய் குறைந்தபோது அத்தை அண்ணாச்சியிடம் கடன் சொல்லிவிட்டு வந்தார். ஆணியில் ஒரு ரூபாய் இருக்கிறதே என்றேன். முறைத்தார். அது இனிமேல் காசு இல்லை, காணிக்கை.

2025 ஜனவரி 29, தை அமாவாசை. முடிச்சைச் சுருக்குப் பைக்குள் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினார். பேருந்தில் நான் கேட்டேவிட்டேன்.

“பயிரு போச்சு, கன்னுக்குட்டி போச்சு. எதுக்கு அத்த இத கொண்டு போறீங்க?”

“நான் பயிரையாடா கேட்டேன்? உசுர கேட்டேன். நீ உக்காந்து கேள்வி கேக்கற இல்ல?”

மேல்மலையனூர்க் கதை தெரிந்தவர்களுக்கு அந்த வாசலில் கேட்டு நிற்பது புதிதல்ல. பிரம்மனின் தலையைக் கிள்ளிய பாவத்தால் கபாலம் சிவன் கையிலேயே ஒட்டிக்கொண்டது. அவன் வாங்கும் பிச்சையையெல்லாம் அதுவே தின்றது. பித்தனாய் அலைந்தவன் கடைசியில் வந்து நின்ற இடம் இது. சோற்று உருண்டைகளைக் கபாலத்தில் இட்ட அம்மன், மூன்றாவதைத் தரையில் இறைத்தாள். அதைத் தின்னக் கபாலம் கீழே இறங்கியதும் காலால் மிதித்து அடக்கினாள். சிவனே கையேந்தி நின்ற வாசலில், கஷ்டம் என்று போய் நிற்க யாருக்கு வெட்கம்?

புற்றைக் கும்பிட்டார். புற்றுமண் வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டார். உண்டியல் வாய்க்கு மேலே முடிச்சை ஒரு கணம் பிடித்திருந்தார். விட்டார். துணிக்குள் இருந்ததால் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

அதன் பிறகு நடப்பது எல்லாக் கோயிலிலும் ஒன்றுதான். ஒருநாள் அறநிலையத் துறை அதிகாரிகள் முன்னிலையில் முத்திரையை உடைத்து உண்டியலைத் தரையில் கொட்டுவார்கள். சுற்றி உட்கார்ந்து நோட்டு தனி, காசு தனி, நகை தனி என்று பிரிப்பார்கள். மஞ்சள் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்ப்பார்கள். எந்த முடிச்சில் புயல் இருந்தது, எதில் பிரசவம், எதில் கோர்ட் வழக்கு என்று அங்கே பிரித்துப் பார்க்க வழியில்லை. காணிக்கை மறுபடி காசாகும்; பையில் கட்டி வங்கிக்குப் போகும். வங்கியிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து ஏதோ ஒரு சுருக்குப் பைக்கு.

வீடு திரும்பும் வழியில் செஞ்சியில் டீ குடித்தோம். கடைக்காரர் கொடுத்த மீதிச் சில்லறையில் ஒரு ரூபாய் இருந்தது. ஆண்டைத் திருப்பிப் பார்த்தேன். அத்தை சிரித்துவிட்டார்.

“காசு எங்க வேணா போவட்டும்டா. முடிச்சுதான் அவளுது.”