ஏழு மதிலும் ஒரு ஆன்ட்டிவைரஸும்

ஸ்ரீரங்கத்தில் 'கம்ப்யூட்டர் தெரிஞ்ச பையன்' என்று ஒரு தடவை பேர் வாங்கிவிட்டால் போச்சு. தெருவில் யார் லேப்டாப் மக்கர் பண்ணினாலும் நேராக நம் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். எனக்கு வரும் கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான். "காசு குடுத்து ஆன்ட்டிவைரஸ் வாங்கணுமா தம்பி, இல்ல உள்ளயே இருக்கறது போதுமா?" புது லேப்டாப்போடு கடைக்காரர் ஒரு பெட்டியை நீட்டியிருப்பார். இல்லையென்றால் போன வருஷம் வாங்கியது காலாவதியாகி, திரையின் மூலையில் சிவப்பாக மிரட்டிக்கொண்டிருக்கும்.

பதிலை ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒரு வரி 1995ல் வேறு, 2008ல் வேறு, இன்றைக்கு வேறு. ஏன் மாறியது என்று தெரிந்தால் கடைக்காரர் சொல்வதையும், நான் சொல்வதையும் நீங்களே உரசிப் பார்த்துக்கொள்ளலாம்.

கதை நமக்குப் பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறது. 1986ல் லாகூரில் பாஸித், அம்ஜத் என்ற இரண்டு சகோதரர்கள் எழுதிய 'பிரெய்ன்' என்ற நிரல்தான் ஐபிஎம் பிசி வகைக் கணினிகளில் பரவிய முதல் வைரஸ். ஃப்ளாப்பியின் பூட் செக்டாரில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்குள் தங்கள் பெயர், கடை முகவரி, போன் நம்பர் எல்லாவற்றையும் அவர்களே எழுதி வைத்திருந்தார்கள். தங்கள் மென்பொருளைத் திருட்டுக் காப்பி எடுப்பவர்களைப் பிடிக்கத்தான் எழுதினோம் என்றார்கள். ஆக, முதல் வைரஸே திருட்டுக் காப்பியின் நிழலில் பிறந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அடுத்து 1992. மைக்கேலாஞ்சலோ பிறந்த நாளான மார்ச் 6 அன்று விழித்துக்கொண்டு டிஸ்கை அழிக்கும் ஒரு வைரஸ் பற்றி உலகமே பேசியது. 50 லட்சம் கணினிகள் வரை பாதிக்கப்படலாம் என்று ஜான் மெக்காஃபி சொன்னதாகப் பத்திரிகைகள் எழுதின. மெக்காஃபி ஆன்ட்டிவைரஸ் விற்பவர். மார்ச் 6 வந்தது, போனது. பாதிப்பு சில ஆயிரங்களோடு நின்றுவிட்டது. ஆனால் ஆன்ட்டிவைரஸ் விற்பனை எகிறியது. பயத்தைப் பெட்டியில் போட்டு விற்கலாம் என்பது அந்த வருஷம் நிரூபணமாயிற்று.

அதற்காக அந்தக் காலத்து ஆன்ட்டிவைரஸை ஏமாற்று வேலை என்று சொல்ல முடியாது. டாஸிலும் விண்டோஸ் 95லும் கதவு என்று ஒன்று இருந்ததே தவிர தாழ்ப்பாள் கிடையாது. புனேயில் கால்குலேட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த கைலாஷ் கட்கரும் அவர் தம்பி சஞ்சயும் 'குவிக் ஹீல்' கொண்டுவந்தது அப்போதுதான். சென்னையில் கேசவர்தனன் 'கே7' நிறுவனத்தைத் தொடங்கியதும் தொண்ணூறுகளின் தொடக்கத்தில்தான். அது பிற்பாடு ஜப்பான் வரைக்கும் போய் விற்றது. அன்றைக்குக் காசு கொடுத்து வாங்கியவர் புத்திசாலி, சந்தேகமே வேண்டாம்.

பிறகு பென்டிரைவ் காலம். சத்திரம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியிருந்த பிரவுசிங் சென்டர்களிலும் டிடிபி கடைகளிலும் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் பிரின்ட் எடுத்த தலைமுறைக்கு இது மறக்காது. கடைக் கணினியில் பென்டிரைவைச் செருகி, பிரின்ட் எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து திறந்தால், ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறி நிற்கும். விண்டோஸில் 'ஆட்டோரன்' என்று ஒரு வசதி. டிஸ்கைச் செருகியதும் உள்ளே இருக்கும் நிரலைத் தானே ஓட்டிவிடும். விருந்தாளி மணி அடிக்கும் முன்பே கதவைத் திறந்துவிடுகிற வீடு மாதிரி. பென்டிரைவுக்கு அந்த வசதியை மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 7ல் நிறுத்தியது. பழைய எக்ஸ்பி, விஸ்டாவுக்கும் 2011 பிப்ரவரியில் அப்டேட் அனுப்பியது. ஆனால் நம் ஊரில் ஓடிக்கொண்டிருந்த பல கணினிகளில் விண்டோஸே திருட்டுக் காப்பி. அப்டேட் போட்டால் மாட்டிக்கொள்வோம் என்று அணைத்து வைத்திருந்தார்கள். பூட்டை இலவசமாக அனுப்பியும் பொருத்திக்கொள்ள ஆளில்லை. அதன்மேல் ஆன்ட்டிவைரஸ், அதுவும் கிராக் பண்ணியது!

நிலைமை மாறியது எப்போது? 2009ல் மைக்ரோசாஃப்ட் தானே ஓர் இலவச ஆன்ட்டிவைரஸ் கொடுத்தது. 2012ல் வந்த விண்டோஸ் 8ல் அதை 'டிஃபென்டர்' என்ற பெயரில் உள்ளேயே வைத்துக் கொடுத்துவிட்டது. ஆரம்பத்தில் அது சுமார்தான். ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் ஆய்வகம் மைக்ரோசாஃப்டின் இலவச ஆன்ட்டிவைரஸுக்குச் சான்றிதழ் தர மறுத்த காலமும் உண்டு. 2019 வாக்கில் அதே ஆய்வகத்தில் டிஃபென்டர் முழு மதிப்பெண் வாங்க ஆரம்பித்தது. காசு கொடுத்து வாங்கும் பெட்டிக்கும் இதற்கும் வைரஸ் பிடிப்பதில் இருந்த பெரிய இடைவெளி அத்தோடு போயிற்று. பெட்டிக்காரர்கள் அதனால்தான் இப்போது விபிஎன், பாஸ்வேர்ட் பெட்டகம், குழந்தைகளுக்கான கட்டுப்பாடு என்று மற்ற சாமான்களை உள்ளே அடுக்குகிறார்கள்.

அப்போ வேற இலவச ஆன்ட்டிவைரஸ் போட்டுக்கலாமா என்றால், அங்கேயும் ஒரு கதை இருக்கிறது. அவாஸ்ட் நிறுவனம் தன் பயனர்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போகிறார்கள் என்ற தகவலை 'ஜம்ப்ஷாட்' என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது 2020ல் வெளியே வந்தது. 2024ல் அமெரிக்க வணிக ஆணையம் அதற்காக 1.65 கோடி டாலர் கட்ட வைத்தது. காவலுக்கு வந்தவரே வீட்டில் யார் வருகிறார், போகிறார் என்று குறிப்பெடுத்து விற்ற கதை.

இங்கே கொஞ்சம் நம்ம ஊர் வரலாற்றுக்குள் போக வேண்டும். ஆன்ட்டிவைரஸ் என்பது மதில். மதில் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று ஏழு பிராகாரத்துக்குள் வாழ்கிற ஸ்ரீரங்கத்துக்காரர்களைவிட யாருக்குத் தெரியும்?

1752ல் திருச்சிக் கோட்டையை முற்றுகையிட்டிருந்த பிரெஞ்சுத் தளபதி ஜாக் லா, ஆங்கிலேயர் நெருங்கியதும் சந்தா சாகிபோடு காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கம் தீவுக்குப் பின்வாங்கினார். ஸ்ரீரங்கம், திருவானைக்கா கோயில் மதில்களை விடப் பெரிய பாதுகாப்பு எங்கே கிடைக்கும் என்று நினைத்திருப்பார். கிளைவ் வடகரையில் சமயபுரத்தைப் பிடித்தார். பாண்டிச்சேரியிலிருந்து வரவேண்டிய உதவி நின்றுபோனது. மதிலை யாரும் இடிக்கவில்லை. மதில் அப்படியே நிற்க, ஜூன் மாதம் லா சரணடைந்தார். சந்தா சாகிப் உயிரையே இழந்தார். மதில் ஒரு தாக்குதலைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். அதற்குள் இருந்துவிட்டால் போதும் என்று நினைத்தவருக்கு அதுவே சிறை.

கம்ப்யூட்டரில் இந்தப் பாடத்தை உலகம் 2017 மே மாதம் படித்தது. 'வான்னாக்ரை' ஃபைல்களையெல்லாம் பூட்டிவிட்டு 300 டாலர் கேட்டது. திருமலை தேவஸ்தானத்துக் கணினிகள் சிலவும் மாட்டின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்தது. விலை, பூஜ்யம்.

எனக்குத் தெரிந்த ஒரு ஸ்டூடியோக்காரர், நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். கல்யாணம், சீமந்தம், சஷ்டியப்தபூர்த்தி என்று பல வருஷப் படங்கள் ஒரே கணினியில். ஆன்ட்டிவைரஸும் காசு கொடுத்து வாங்கியதுதான், வருஷா வருஷம் புதுப்பித்து வந்தார். ஒரு நாள் போட்டோ எடிட் பண்ணும் மென்பொருளின் கிராக் ஒன்றை இறக்கினார். அதன் கூடவே ஒரு குறிப்பு: 'ஆன்ட்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்.' அணைத்தார். கோட்டைக் கதவை உள்ளிருந்தே திறந்துவிட்ட கதைதான். ராத்திரிக்குள் எல்லாப் படத்தின் பெயருக்குப் பின்னாலும் புரியாத நாலு எழுத்து ஒட்டிக்கொண்டது. 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் கட்டினால் 490.

'ஸ்டாப்' என்ற இந்த ரான்சம்வேர் குடும்பம் உலகம் முழுக்க கிராக் மென்பொருள் தேடுபவர்களைக் குறிவைத்துத்தான் பரவியது. 2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் நிறுவனம் அதன் 148 வகைகளுக்கு இலவசச் சாவி வெளியிட்டது. அண்ணனுக்கு வந்தது அதற்குப் பிந்தைய வகை. அவர் காசு கட்டவில்லை. அது சரியான முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் ஒரு அம்மா, இறந்துபோன தன் வீட்டுக்காரர் கடைசியாகச் சிரித்துக்கொண்டு நின்ற படம் அந்த சஷ்டியப்தபூர்த்தி ஆல்பத்தில்தான் இருந்தது என்று இரண்டு தடவை கடைக்கு வந்து கேட்டுவிட்டுப் போனார். அதற்கு எந்த நிறுவனத்திடமும் சாவி இல்லை.

அப்படியென்றால் எதுதான் காப்பாற்றும்? அதற்கும் பதில் கோயில் கதையிலேயே இருக்கிறது.

1323ல் தில்லி சுல்தானின் படை வந்தபோது ஏழு மதிலை நம்பி ஸ்ரீரங்கம் சும்மா இருக்கவில்லை. கோயில் மரபு சொல்வது இது: மூலவர் சந்நிதிக்கு முன்னால் கல் சுவர் எழுப்பி மறைத்தார்கள். உற்சவரைப் பிள்ளை லோகாசாரியாரும் சீடர்களும் ரகசியமாக ஊரைவிட்டே கொண்டுபோனார்கள். மதுரைப் பக்கம், கேரளம், மேல்கோட்டை, திருமலை, செஞ்சி என்று அலைந்து, 1371ல் விஜயநகரத்துக் கோபண்ணா காலத்தில் அவர் திரும்பி வந்தார். 48 வருஷம்! ஊர் அழிந்தாலும் உயிரான ஒன்று மதிலுக்கு வெளியே பத்திரமாக இருந்தது. நாம் 'பேக்கப்' என்று சொல்வது இதைத்தான்.

கதை அங்கே முடியவில்லை. இடைப்பட்ட காலத்தில் வேறொரு உற்சவர் எழுந்தருளப்பட்டிருந்தார். வந்தவர்தான் பழையவரா என்று உறுதிசெய்ய அடையாளம் தெரிந்தவர் யாரும் மிச்சமில்லை. கடைசியில் ஒரு வயதான சலவைத் தொழிலாளி, திருமஞ்சனத்து ஈரத்துணியின் தீர்த்தத்தை வாயில் விட்டுப் பார்த்து, "இவரே நம்பெருமாள்" என்றாராம். அதுவே பேராக நின்றுவிட்டது என்கிறது மரபு. பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது, திறந்து பார்த்து உறுதிசெய்ய வேண்டும் என்று இதைவிட அழகாக எந்தக் கம்ப்யூட்டர் புத்தகமும் சொல்லி நான் படித்ததில்லை.

இப்போது அந்த ஒரு வரிக்கு வரலாம். வீட்டில் ஒன்றிரண்டு லேப்டாப், ஒரிஜினல் விண்டோஸ், அப்டேட் ஒழுங்காகப் போகிறது என்றால் காசு கொடுத்து ஆன்ட்டிவைரஸ் வாங்க வேண்டாம். டிஃபென்டர் போதும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டது. அதிலேயே இருப்பவர்கள் முதலில் அதைச் சரிசெய்யட்டும். பத்துப் பதினைந்து கணினி உள்ள ஆபீஸ், ஆடிட்டர் அலுவலகம், கிளினிக் என்றால் கதை வேறு. எந்தக் கணினியில் எது அணைந்திருக்கிறது என்று ஒரே இடத்தில் பார்க்க முடிவதற்கும், போன் பண்ணினால் தமிழில் பேச ஓர் ஆள் கிடைப்பதற்கும் காசு கொடுக்கலாம், தப்பில்லை. 'இன்று இரவு உங்கள் மின்சாரம் துண்டிக்கப்படும்' என்று வரும் மெசேஜை நம்பி நாமே ஓடிபி சொல்வதை எந்த ஆன்ட்டிவைரஸும் தடுக்காது. பணம் போய்விட்டால் உடனே 1930க்குப் போன் பண்ண வேண்டும்.

மிச்சமாகும் காசில் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். சில வருஷப் புதுப்பிப்புச் செலவுதான் அதன் விலை. காப்பி எடுத்ததும் கழற்றி பீரோவில் வையுங்கள். செருகியே வைத்திருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டும். எப்போது எடுப்பது என்று கேட்பவர்களுக்கு, எங்கள் ஊரில் மறக்க முடியாத ஒரு கணக்கைச் சொல்லிவைத்திருக்கிறேன். மாசத்தில் ரெண்டு ஏகாதசி வருது. ஒண்ணுக்குக் காப்பி எடுங்க, இன்னொண்ணுக்குத் திறந்து பாருங்க.