அடுப்பு நெருப்பும் கப்பற் காற்றோட்டமும்

18ஆம் நூற்றாண்டில் கப்பலை ஓட்டியது காற்றே. ஆயினும் அக்கப்பலின் கீழ்த்தளங்களில் நெருங்கி வாழ்ந்த மாலுமிகளுக்கோ தூய காற்று அரிதாயிற்று. அடித்தட்டில் தேங்கிய நீர் அழுகி நாற்றமெடுத்தது. பாய்த்துணியால் தைத்த நீண்ட குழாய்களைத் தொங்கவிட்டுக் கீழே காற்றைச் செலுத்தும் வழக்கம் உண்டெனினும், காற்று அடங்கிய நாள்களில் அவை பயன்படவில்லை.

1739ஆம் ஆண்டு, தூய காற்றின்மையால் மாலுமிகள் நோயுற்று ஸ்பிட்ஹெட் துறையில் கரையிறக்கப்பட்ட செய்தி, இலண்டனில் பீர் வடிக்கும் தொழில் புரிந்த சாமுவேல் சட்டன் என்பாரின் செவிக்கு எட்டியது. கப்பலில் சமையலடுப்பு நாள்தோறும் எரிகின்றது. எரிவதற்குக் காற்று வேண்டும். அக்காற்றை அடித்தட்டிலிருந்தே பெறச் செய்தால் என்ன என்று அவர் எண்ணினார். அடுப்பின் சாம்பற்குழியை இறுக அடைத்து, அதிலிருந்து கீழ்த்தளங்களுக்குக் குழாய்களை இறக்கினார். வெப்பக் காற்று புகைபோக்கி வழியே மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் கீழிருந்த கெட்ட காற்று குழாய்வழி இழுக்கப்பட்டது. மேல்தளத் திறப்புகளின் வழியே புதுக்காற்று உள்ளே இறங்கியது. இதற்கெனத் தனி எரிபொருளோ தனி உழைப்போ வேண்டியதில்லை.

அதே காலத்தில், டெடிங்டன் ஊரின் சமயகுருவும் இராயல் கழக உறுப்பினருமான ஸ்டீபன் ஹேல்ஸ், கையால் இயக்கும் பெருந்துருத்திகளை அமைத்தார். அவரோ புகழ்பெற்ற அறிவியலறிஞர்; சட்டனோ எளிய தொழிலர். சட்டனின் முறையைக் கடற்படை அதிகாரிகள் ஐயுற்றனர். அரச மருத்துவர் ரிச்சர்ட் மீட் 1742இல் இராயல் கழகத்தில் அதனை விளக்கி ஆதரித்தார். 1744இல் சட்டன் காப்புரிமை பெற்றார். எனினும், 1756இல் கடற்படை தன் கப்பல்களில் பொருத்துமாறு ஆணையிட்டவை ஹேல்ஸின் பொறிகளே.

கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என அக்காலத்தார் நம்பினர். கப்பற் காய்ச்சலைப் பரப்பியது பேன் என்பதும், ஸ்கர்வி நோய் வைட்டமின் சி குறைவால் வருவது என்பதும் 20ஆம் நூற்றாண்டிலேயே தெளிவாயின. ஆகவே காற்றோட்டம் மட்டும் மாலுமிகளின் உயிரைக் காத்துவிட்டது எனல் பொருந்தாது. ஆயினும் நெருக்கடி மிகுந்த தளங்களில் ஈரமும் நாற்றமும் குறைவதே பெரும் நன்மையன்றோ!

இன்றைய கப்பல்களில் பொறியின் கழிவுப்புகை கொதிகலனைச் சூடேற்றுகின்றது. பொறியைக் குளிர்வித்த நீரின் வெப்பம் கடல்நீரை நன்னீராக்குகின்றது. சில கப்பல்களில் கழிவு வெப்பமே அறைகளைக் குளிர்விக்கவும் உதவுகின்றது. வீணாகும் வெப்பத்தை வேலை செய்ய வைக்கும் இக்கருத்தை, ஏறத்தாழ 280 ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு சமையலடுப்பில் கண்டவர் சட்டன். புதிய ஆற்றலைத் தேடுவதற்கு முன், கையிலுள்ள ஆற்றல் முழுவதும் பயன்பட்டதா எனக் கேட்பதே அறிவுடைமை என்பதை அவர்தம் முயற்சி உணர்த்துகின்றது.