அத்தை கொடுத்த ஃபிளாப்பி

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒருவர் வீட்டுக்கு வழி விசாரித்தால் இன்ன பிளாக், இன்ன நம்பர் என்றுதான் பதில் வரும். 1956-ல் கம்பெனி ஏற்பட்டு, 1957-ல் சுரங்க வேலை ஆரம்பமாகி, அதையொட்டி எழுந்த ஊர் அல்லவா? ஆனால் அந்த ஊருக்கும் சுரங்கத்துக்கும் இடம் கொடுத்துவிட்டுப் போன கிராமங்களில் ஒவ்வொரு கொல்லைக்கும், குட்டைக்கும், மேட்டுக்கும் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர்களில் கொஞ்சம் ஒரு கறுப்புத் தகட்டுக்குள் முப்பத்தைந்து வருஷம் அகப்பட்டுக் கிடந்தன. அவை வெளியே வந்த கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

என் அத்தை அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயினியாக இருந்தவள். போன வருஷம் நான் போயிருந்தபோது பீரோவிலிருந்து ஒரு காகித உறையை எடுத்து வந்தாள். "ஏண்டா, நீ கம்ப்யூட்டரில்தானே கதை எழுதுகிறாய்? இதைக் கொஞ்சம் திறந்து பாரேன்" என்றாள். உள்ளே ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பி ஒன்று, பூஞ்சணம் பூத்து இருந்தது.

அது பிறந்த வரலாறு இது. 1984-ல் மத்திய சர்க்கார் 'கிளாஸ்' என்று ஒரு திட்டம் தொடங்கி, நாடெங்கும் சுமார் 250 பள்ளிகளில் கம்ப்யூட்டர் கற்பிக்க ஏற்பாடு செய்தது. அதற்குத் தேர்ந்தெடுத்த யந்திரம், கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்ன் கம்பெனி 1981-ல் வெளியிட்ட 'பி.பி.சி. மைக்ரோ'. மொகாலியில் இருந்த அரசாங்க செமிகண்டக்டர் ஸ்தாபனம் அதையே 'யூனிகார்ன்' என்ற பெயரில் நம் நாட்டிலும் கொடுத்தது. அதன் ஞாபக சக்தி 32 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு சாதாரணப் படத்துக்குக்கூட அது காணாது!

அத்தையின் பள்ளிக்கும் அந்த ரகத்தில் ஒன்று வந்தது. மற்றவர்கள் அதில் வாய்பாடு போட்டுக் கொண்டிருக்க, அத்தைக்கு வேறொரு யோசனை தோன்றியது. இடம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, "உங்கள் தாத்தா பாட்டியிடம் பழைய ஊரின் கொல்லை, குளம் பெயரெல்லாம் கேட்டு வாருங்கள்" என்றாள். பிள்ளைகள் கேட்டு வந்து தட்டெழுத்தில் அடித்தார்கள். யந்திரத்துக்குத் தமிழ் தெரியாது. ஆகையால் ஆங்கில எழுத்திலேயே தமிழ்ப் பெயர்கள்.

திறந்து பார்ப்பதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். நெய்வேலிக்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோதே கரி தலைகாட்டிவிட்டது. ஆனால் மேல்மண்ணை வாரி, கீழிருந்து பீறிடும் ஊற்றுநீரை இடைவிடாமல் இறைக்க வழி கண்ட பிறகல்லவா கரி கைக்கு வந்தது? இருக்கிறது என்று தெரிவது ஒன்று, எடுப்பது வேறொன்று.

ஃபிளாப்பியை ஐ.பி.எம். கம்பெனி 1971-ல் வெளியிட்டது. ஐந்தேகால் அங்குல ரகம் 1976-ல் வந்தது. தகடு எல்லாருக்கும் ஒன்றுதான். அதில் வரப்புக் கட்டிப் பாத்தி பிரித்த விதம்தான் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. பி.பி.சி. மைக்ரோவின் சாதாரணத் தகட்டில் 40 வட்டங்கள், வட்டத்துக்கு 10 பாத்தி, பாத்திக்கு 256 எழுத்து. மொத்தம் 100 கிலோபைட். டாஸ் என்ற முறையில் ஓடிய ஐ.பி.எம். ரகத்திலோ வட்டத்துக்கு 9 பாத்தி, பாத்திக்கு 512 எழுத்து, தகட்டின் இரண்டு பக்கமும் சாகுபடி. காந்தக் குறி போடும் முறைகூட வேறு. ஆகவே ஒன்றின் தகட்டை மற்றொன்றில் செருகினால், 'இதில் ஒன்றுமே இல்லை' என்று சாதித்துவிடும்.

இது நமக்கு மட்டும் நேர்ந்த அவஸ்தை அல்ல. இங்கிலாந்தில் 1086-ல் வில்லியம் அரசன் நிலபுலன்களைக் கணக்கெடுத்து 'டூம்ஸ்டே' என்ற ஏட்டில் எழுதுவித்தான். அதன் 900-ஆவது ஆண்டான 1986-ல் பி.பி.சி.யார் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு ஊர்ச் செய்திகளைத் திரட்டி, லேசர் தகட்டில் பதித்தார்கள். பதினாறு வருஷத்துக்குள் அதைப் படிக்கும் யந்திரங்கள் அரிதாகிவிட்டன! 2002-ல் லீட்ஸ், மிச்சிகன் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள், புதிய கம்ப்யூட்டரைப் பழைய யந்திரம்போல் நடிக்க வைத்துத்தான் அதைக் காட்ட முடிந்தது. 1086-ஆம் வருஷத்து ஏட்டையோ இன்றும் புரட்டிப் படிக்கலாம்.

எங்கள் தகட்டுக்கு உதவியவர் பக்கத்துத் தெரு இளைஞர் ஒருவர். சென்னை ரிச்சி தெருவில் பழைய ஃபிளாப்பி டிரைவ் ஒன்று வாங்கி வந்தார். ஸ்பிரிட்டால் பூஞ்சணத்தைத் துடைத்தார். டிரைவுக்கும் தம் லினக்ஸ் கம்ப்யூட்டருக்கும் நடுவே உள்ளங்கை அகலத்தில் ஒரு சிறு பலகையை மாட்டினார். அந்தப் பலகை பாத்தியைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. காந்தக் குறிகளை இருந்தபடியே பிரதி எடுத்துவிடுகிறது. பாத்தி பிரித்துப் படிப்பது பிறகு ஒரு புரோகிராமின் வேலை.

முதல் இரண்டு பாத்திகளில் பொருளடக்கம் இருந்தது. அந்த முறையில் ஒரு பக்கத்துக்கு 31 பெயருக்குத்தான் இடம். பெயருக்கு ஏழு எழுத்துத்தான். பழைய முறைக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. ஒவ்வொரு கட்டுரையையும் துண்டு போடாமல் ஒரே தொடராக எழுதி வைக்கும். அதனால் 19 கட்டுரையில் 17 முழுசாகக் கிடைத்தன. இரண்டு, பூஞ்சணத்துக்கு இரையாகிவிட்டன.

கிடைத்ததும் எல்லாம் ஒரே வரியாக ஓடிற்று! பி.பி.சி. மைக்ரோ வரி முடிவுக்கு ஒரு குறி போடும். லினக்ஸ் எதிர்பார்ப்பது வேறு குறி. அதையும் மாற்றி, அச்செடுத்து, வெற்றி வீரனைப் போல் அத்தையிடம் கொண்டுபோய் நீட்டினேன்.

"படி" என்றாள்.

"இலுப்பைக் கொள்ளை" என்று படித்தேன்.

"கொள்ளையா? யார்டா அடித்தது? கொல்லை!" என்றாள்.

அடுத்ததில் நான் தடுமாறிப் போனேன். கே, யூ, எல், ஐ. அது குழியா, கூலியா, குளியா? எல்லாவற்றுக்கும் அதே நான்கு எழுத்துத்தான். லினக்ஸுக்கு அது தெரியாது, எனக்கும் தெரியவில்லை. அத்தைக்குத் தெரிந்தது. "அது யானைக்குழி. மழைக்காலத்தில் நிரம்பிவிடும் என்று அந்தப் பெண்ணின் பாட்டி சொன்னாளாம்" என்றாள்.

அன்று மாலை முழுவதும் நான் படிக்கப் படிக்க அவள் திருத்தினாள். நான் பேனாவால் தமிழில் எழுதிக் கொண்டேன். அத்தைக்கு இப்போது எண்பது வயது. தகட்டைப் படிக்கும் பலகையை இன்னும் பத்து வருஷம் கழித்தும் யாராவது செய்து கொடுப்பார்கள். ஆனால் அப்போது குழியையும் கூலியையும் பிரித்துச் சொல்ல யார் இருப்பார்கள்?

நான்கு பெயர்கள் அவளுக்கும் பிடிபடவில்லை. அவற்றை ஆங்கில எழுத்திலேயே விட்டு, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். அடித்த பிள்ளைகள் இப்போது ஐம்பது வயதுக்காரர்களாக எங்கெங்கோ இருப்பார்கள். அத்தை அவர்களைத் தேடிப் பிடிக்கச் சொல்லியிருக்கிறாள். தேடிக் கொண்டிருக்கிறேன்.