பனிமலையில் கிடைத்த இரண்டு அம்புகள்

வில்லாளிகளைப் பற்றியும் அவர்கள் வென்ற போர்களைப் பற்றியும் வரலாற்று நூல்கள் நிறையவே பேசுகின்றன. அம்பின் வாலில் இறகைப் பொருத்தி நூல் சுற்றிய கைகளைப் பற்றி அவை பேசுவது அரிது. இறகும் நூலும் விரைவில் மட்கிப் போவதே இதற்குரிய முதற் காரணமாகும். எனினும் ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட அத்தகைய நூற்கட்டு ஒன்றைப் பனி காத்துத் தந்திருக்கிறது.

1991 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 19 ஆம் நாள், ஒஸ்ரியாவுக்கும் இத்தாலிக்கும் இடைப்பட்ட அல்ப்ஸ் மலையில், 3,210 மீற்றர் உயரத்தில், மலையேறச் சென்ற ஜேர்மன் தம்பதியர் உருகும் பனியிடையே ஓர் உடலைக் கண்டனர். அண்மையில் விபத்தில் இறந்த ஒருவருடையதென்றே அது முதலில் கருதப்பட்டது. பின்னர் நடந்த ஆய்வுகள் அம்மனிதன் கி.மு. 3350 இற்கும் 3100 இற்கும் இடையில் வாழ்ந்தவன் எனக் காட்டின. கண்டெடுக்கப்பட்ட மலைப்பகுதியின் பெயரையொட்டி அவனுக்கு 'ஏட்சி' என்று பெயரிட்டனர். இறக்கும்போது அவனுக்கு வயது 45 அளவில் இருக்கலாம்.

முடிவுறாத வேலை

அவனுடைய தோற்கூட்டில் 14 அம்புகள் இருந்தன. அவற்றுள் 12 வெறுந்தண்டுகள். முனையும் இல்லை, இறகும் இல்லை. இரண்டு மட்டுமே முழுமை பெற்றவை, அவையும் முறிந்திருந்தன. அவனருகே கிடந்த யூ மரத்து வில் 182 செ.மீ. நீளமுடையது. அதுவும் செதுக்கி முடிக்கப்படவில்லை.

அவனது வலக்கையில், இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் ஏற்பட்ட ஆழமான வெட்டுக்காயம் ஒன்று இருந்தது. 2001 இல் எடுக்கப்பட்ட கதிர்ப்படம் அவனது இடது தோளுக்குள் ஓர் அம்பின் கல்முனை புதைந்திருப்பதை வெளிப்படுத்தியது. அது பின்புறத்திலிருந்து எய்யப்பட்டது. அவன் யாருக்கு அஞ்சி மலையேறினான் என்பதை எவராலும் உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனால் காயம்பட்ட கையோடு, பாதி செய்த ஆயுதங்களைச் சுமந்துகொண்டு அவன் கணவாயைக் கடந்தான் என்பது தெளிவு. வழியில் தங்குமிடம் கிடைத்தால் எஞ்சிய வேலையை முடிக்கலாம் என்று எண்ணியிருப்பான் போலும். கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு புறப்பட்ட எம்மவர்க்கு இந்நிலையை விளக்க வேண்டியதில்லை.

இறகும் நூலும்

நாணை விட்டு விடுபடும் அம்பு நேராகப் பாய்வதில்லை. பின்னிருந்து தள்ளும் விசையால் அது வளைந்து, மீன் போல் நெளிந்து செல்கிறது. வாலிலுள்ள இறகுகள் காற்றைப் பற்றி அந்நெளிவை அடக்குகின்றன. அம்பைச் சுழலவும் செய்கின்றன. இதற்காகவே ஒரே பக்கத்துச் சிறகின் இறகுகளைத் தேர்வது வழக்கம். இடச்சிறகின் இறகும் வலச்சிறகின் இறகும் எதிரெதிராக வளைந்தவை. இரண்டையும் கலந்தால் ஒன்றன் வேலையை மற்றது கெடுக்கும்.

ஏட்சியின் அம்புகளில் நடுத்தண்டோடு பிளந்த இறகுகள் மூன்று, தண்டைச் சுற்றிச் சம இடைவெளியில் ஒட்டப்பட்டுள்ளன. பேர்ச் மரப்பட்டையைச் சூடாக்கி வடித்த கீலே பசையாகப் பயன்பட்டது. அதன்மேல், தொட்டால் எரியும் காஞ்சொறி போன்றதொரு செடியின் நாரில் திரித்த மெல்லிய நூல் சுருள் சுருளாகச் சுற்றப்பட்டுள்ளது.

கீல் இருக்க நூல் எதற்கு? கடுங்குளிரில் கீல் வெடிக்கும். இறகின் முன்நுனி சற்றே எழும்பினாலும் வில்லைப் பிடித்த கையைக் கிழித்துவிடும். ஆகவே நூலின் தொடக்கத்தை முதற் சுற்றுகளின் கீழ் அடக்கி, இறகின் மயிரிழைகளைச் சற்றே விலக்கி, அவற்றினூடே நூலைச் செலுத்திச் செல்ல வேண்டும். விலக்கிய இழைகளை விரலால் நீவிவிட்டால் அவை மீண்டும் தாமே கொக்கியிட்டு ஒன்றாகும்.

இங்கு ஒரு செய்தி எம் கவனத்தை ஈர்க்கிறது. இரண்டு அம்புகளிலும் நூல் சுற்றிய திசை ஒன்றல்ல. ஒன்றை வலக்கைக்காரர் ஒருவரும் மற்றதை இடக்கைக்காரர் ஒருவரும் கட்டியிருக்க வேண்டும் என ஆய்வாளர் கருதுகின்றனர். அவ்வாறாயின், தனியே இறந்த அம்மனிதன் இன்னொருவரின் கைவேலையையும் தன்னுடன் கொண்டு சென்றிருக்கிறான்.

தொழில் தந்த பெயர்

ஏறத்தாழ 4,500 ஆண்டுகள் கடந்த பின்னரும் ஐரோப்பாவில் இவ்வேலை கைகளாலேயே நடந்தது. இலண்டனில் அம்பு செய்வோர் 1371 இல், வில் செய்வோரிடமிருந்து பிரிந்து தனித் தொழிற்சங்கமாயினர். 1417 இல் ஐந்தாம் ஹென்றி மன்னன், ஒவ்வொரு வாத்திலிருந்தும் ஆறு இறகுகளைத் திரட்டுமாறு தன் அதிகாரிகளுக்கு ஆணையிட்டான். 1545 இல் மூழ்கி 1982 இல் கடலிலிருந்து தூக்கப்பட்ட 'மேரி றோஸ்' கப்பலில் ஆயிரக்கணக்கான அம்புகள் கிடைத்தன. இறகுகள் அழிந்துவிட்டன, பசையின் மீது நூல் சுற்றிய தடமோ எஞ்சியிருந்தது. ஆங்கில நாடுகளில் வாழும் எம் பிள்ளைகளின் வகுப்பறைகளில் 'பிளெச்சர்' என்னும் குடும்பப் பெயர் ஒலிக்கக் கேட்டிருப்போம். அது அம்பு செய்து இறகு கட்டியவர்களின் பெயரே.

எல்லைக்கோடு

ஏட்சியின் உடல் எந்நாட்டுக்கு உரியது என்ற கேள்வி 1991 இலேயே எழுந்தது. நில அளவையாளர் அளந்து, எல்லைக்கோட்டிலிருந்து 92.56 மீற்றர் இத்தாலிக்குள் அவன் கிடந்தான் என முடிவுசெய்தனர். அவன் நடந்த காலத்தில் அம்மலையில் அப்படியொரு கோடு இருக்கவில்லை. 1998 முதல் அவனது உடலும் உடைமைகளும் இத்தாலியின் பொல்சானோ நகர அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளன.

சுவிஸ், ஜேர்மனி, இத்தாலி ஆகிய நாடுகளில் வாழும் எம்மவர் விடுமுறைக் காலத்தில் பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்லலாம். உடலைக் காணவே பலரும் வரிசையில் நிற்பர். அதனைப் பார்த்தபின், அம்புகள் வைக்கப்பட்டுள்ள இடத்திலும் சற்று நிற்கச் சொல்லுங்கள். அந்த நூற்சுற்றுகளைப் பிள்ளைகள் தம் கண்ணால் எண்ணிப் பார்க்கட்டும்.