புறஞ்சேரியின் தொழிலும் நகரின் எல்லையும்: லியுப்லியானாவின் கிராக்கோவோ, திர்னோவோ ஊர்கள்

ஊர் ஒன்று நகருக்குள் அடங்கிய வரலாற்றை எழுதப் புகுவோர், இணைப்பு ஆணை பிறந்த ஆண்டையே முதலில் தேடுவர். மாணவர்க்கும் நாம் அவ்வாறே கற்பிக்கிறோம். சுலோவீனியாவின் தலைநகரான லியுப்லியானாவின் சுற்றூர்கள் சிலவற்றுக்கு அவ்வாண்டு எளிதில் கிடைக்கிறது. கீழ்ச் சிஷ்கா 1914-இலும் மோஸ்தே 1935-இலும் நகருடன் இணைக்கப்பெற்றன. ஆயின், பழைய நகர் மதிலுக்குத் தெற்கே, லியுப்லியானிட்சா ஆற்றின் இடக்கரையில் அமைந்த கிராக்கோவோ, திர்னோவோ ஆகிய இரண்டு ஊர்களின் வரலாற்றை இம்முறையில் எழுத இயலாது. அவை ஆணையால் நகரில் அடங்கியவை அல்ல. தொழில் ஒவ்வொன்றாகக் கைநழுவியதால் அடங்கியவை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கிராடாஷ்சிட்சா என்னும் சிற்றாறு இவ்விரண்டையும் பிரிக்கிறது. அதற்கு வடக்கே கிராக்கோவோ, தெற்கே திர்னோவோ. இத்தகைய குடியிருப்பைச் சுலோவீனிய மொழி 'பிரெத்மெஸ்தியே' என்று குறிக்கும். நகருக்கு முன்னே இருப்பது என்பது அச்சொல்லின் பொருள். சிலப்பதிகாரம் பயின்றோர்க்குப் 'புறஞ்சேரி' என்னும் சொல்லே இதற்கு நெருக்கமானதாகத் தோன்றும். 'புறநகர்' என்று பெயர்த்தால் இக்கால வீடமைப்புப் பகுதியே மனத்தில் எழும், அது பொருந்தாது.

ஆறும் படகும்

கிராக்கோவோ மக்கள் இடைக்காலத்தில் தியூத்தானிய வீரத் துறவியர் சங்கத்தின் குடிகளாய் இருந்தனர். நகர் மதிலை ஒட்டியிருந்த அச்சங்கத்தின் மடமே அவர்களுக்கு நிலவுடைமையாளர். நகர மன்றம் அன்று. மீன்பிடித்தலும் படகோட்டுதலும் அவர்தம் தொழில்கள். எனவே, மதிலுக்குக் கூப்பிடு தொலைவில் வாழ்ந்தும் அவர்கள் நகரத்தார் ஆகவில்லை. அண்மையே இணைப்பாகிவிடாது என்பதற்கு இது நல்ல சான்று.

லியுப்லியானிட்சா மெல்ல நகரும் ஆறு. தெற்கே விரிந்து கிடக்கும் சதுப்பு நிலத்தின் ஊடே அது வருகிறது. விர்ஹ்னிகா என்னும் ஊரிலிருந்து லியுப்லியானா வரை படகு செல்ல ஏற்றதாய் இருந்தமையால், உரோமர் காலந்தொட்டே அது வணிகப் பாதை. ஏட்ரியாட்டிக் கடற்கரையிலிருந்து தரைவழியே விர்ஹ்னிகாவை அடைந்த சரக்குகள் அங்குப் படகேறின. 'திர்னோவ்ஸ்கி பிரிஸ்தான்' என்று இன்றும் வழங்கும் கரைப்பகுதியின் பெயருக்குத் 'திர்னோவோவின் துறை' என்பதே பொருள். பெயரில் துறை நிற்கிறது. சரக்குப் படகுகள் இல்லை.

படகுத் தொழிலை வீழ்த்தியது இருப்புப்பாதை. வியன்னாவிலிருந்து வந்த தென்னக இருப்புப்பாதை 1849-இல் லியுப்லியானாவை எட்டியது. 1857-இல் திரியெஸ்தே துறைமுகம் வரை நீண்டது. கடலையும் பேரரசின் தலைநகரையும் இணைக்கும் தொடர்வண்டி ஓடத் தொடங்கியபின், விர்ஹ்னிகாவில் சரக்கை இறக்கிப் படகில் ஏற்ற வேண்டிய தேவை இல்லாது போயிற்று. இதற்கிடையில், 1848-இல் ஆஸ்திரியப் பேரரசில் நிலமானியக் கட்டுகள் அகற்றப்பட்டன. பழைய ஆண்டையின் பிடி தளர்ந்து ஒரு பத்தாண்டு நிறைவதற்குள் பழைய தொழிலின் அடிப்படையும் சரிந்தது. இவ்விரண்டையும் தனித்தனி நிகழ்ச்சிகளாகக் கூறிச் செல்லும் வழக்கம் எனக்கு உடன்பாடன்று. ஓர் ஊரின் பார்வையிலிருந்து நோக்கினால், இரண்டும் ஒரே தலைமுறையின் அனுபவங்கள்.

தோட்டமும் சந்தையும்

எஞ்சியது மண். கிராக்கோவோவின் சிறு வீடுகளுக்குப் பின்னே நீண்ட கீற்றுகளாய்க் காய்கறித் தோட்டங்கள் கிடந்தன. திர்னோவோவுக்குத் தெற்கில் சதுப்பு நிலம் இருந்தது. வெள்ளத்தைத் திருப்பவும் சதுப்பை வடிக்கவும் இயேசு சபைத் துறவியும் பொறியியல் அறிஞருமான கபிரியேல் கிருபர் வகுத்த கால்வாய்ப் பணி 1772-இல் தொடங்கியது. அக்கால்வாய் இன்றும் அவர் பெயரையே தாங்குகிறது. அதன்பின் நிகழ்ந்த வடிகால் பணிகளால் சதுப்பின் ஓரங்கள் படிப்படியாக விளைநிலங்களாயின. லெட்டியூஸ் கீரையும் முட்டைக்கோசும் விளைவித்து நகரச் சந்தையில் விற்ற இவ்வூர்ப் பெண்களைச் 'சொலாத்தாரிட்சே', அதாவது கீரைக்காரிகள், என்று நகரத்தார் அழைத்தனர். சுலோவீனிய உணர்வுப்பதிவு ஓவியர்களுள் முதன்மையான ரிஹார்த் யாக்கோப்பிச் 1869-இல் கிராக்கோவோவில் பிறந்தவர். அவர்தம் தந்தையார் விளைபொருள் வணிகர்.

இக்காலத்தைப் பற்றி எழுதுவோர், நகரம் ஊரை விழுங்கியது என்னும் உருவகத்தை விரும்புகின்றனர். உண்மையில் நகரம் விழுங்கியது ஊரின் விளைச்சலை. அவ்விளைச்சல் நகருக்குத் தேவைப்பட்ட வரையில் ஊரும் ஊராகவே இருந்தது.

இலக்கிய வரலாற்றிலோ திர்னோவோவின் பெயர் வேறு காரணத்தால் நிலைபெற்றது. கவிஞர் பிரான்சே பிரெஷேரன் 1833-இல் யூலியா பிரிமிட்ஸ் என்னும் நங்கையை இவ்வூர்த் தேவாலயத்தில் கண்டு காதல் கொண்டார். இன்றுள்ள இரட்டைக் கோபுரத் தேவாலயம் 1850-களில் எழுந்தது. கவிஞர் நின்றது அதற்கு முந்தைய கட்டடத்தில். சுற்றுலா வழிகாட்டிகள் பலரும் இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை.

கம்பி வேலியும் கல் கரையும்

கட்டடக் கலைஞர் யோஷே பிளெச்னிக் 1921-இல் திர்னோவோவில் குடியேறி, 1957-இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார். 1918 முதல் 1936 வரை இவ்வூர்ப் பங்குத் தந்தையாக இருந்த எழுத்தாளர் பிரான் சலேஷ்கி ஃபின்ஷ்கர் அவருக்கு அயல்வீட்டார். கிராடாஷ்சிட்சாவின்மீது 1929-க்கும் 1932-க்கும் இடையில் பிளெச்னிக் ஒரு பாலம் அமைத்தார். அதன்மேல் பூர்ச்ச மரங்கள் நடப்பட்டன. பழைய படகுத்துறை, அகன்ற கற்படிகளும் வில்லோ மரங்களும் கொண்ட கரையாக மாறியது. அழகிய பணி என்பதில் ஐயமில்லை. ஆயினும், சரக்கு இறக்கிய கரை அமர்ந்து பார்க்கும் கரையாயிற்று என்பதை வரலாற்று மாணவர் கருத்திற் கொள்ளவேண்டும். அப்பாலமும் ஆற்றங்கரைகளும் பிளெச்னிக்கின் பிற லியுப்லியானாப் பணிகளுடன் 2021-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றன.

நகர எல்லையை எவரும் மறுக்கவியலாதபடி வரைந்தவர்கள் இத்தாலியப் படையினர். அவர்கள் 1942 பிப்ரவரியில் லியுப்லியானா முழுவதையும் முள்கம்பி வேலியால் வளைத்தனர்; அம்முற்றுகை 1945 மே வரை நீடித்தது. திர்னோவோ வேலிக்கு உள்ளே. சதுப்பு வயல்கள் வேலிக்கு வெளியே. ஊருக்கும் அதன் வயலுக்கும் இடையே காவல் நின்றது. 'திர்ன்' என்றால் அம்மொழியில் முள் என்று பொருள் என்பதையும் இங்குக் கூறலாம்.

போருக்குப் பின் நகரம் தெற்கே பரவிற்று. திர்னோவோவின் தென்புறச் சதுப்பில் 1965 முதல் மூர்க்லே என்னும் ஒற்றைத்தள வீடுகளின் குடியிருப்பு எழுந்தது. கிராக்கோவோத் தோட்டங்களோ வீடுகளால் சூழப்பட்டும் இன்றளவும் பயிரிடப்படுகின்றன. அருகிலுள்ள தெருக்களுள் ஒன்று 'விர்த்னா', அதாவது தோட்டத் தெரு. மற்றொன்று 'ரெச்னா', ஆற்றுத் தெரு. இப்பகுதியின் மரபு லெட்டியூஸ் வகைகளுள் புகழ்பெற்ற ஒன்றுக்கு 'லியுப்லியான்ஸ்கா லெதென்கா' என்று பெயர். கீரைக்காரிகளின் ஊர்ப்பெயர் எதுவும் அதில் இல்லை. நகரின் பெயரே இருக்கிறது.